கீழே இறங்காமல் எழுதிய அளவு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே முழங்கால் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உன் முதுகுப் பிடிப்பு விட்டதா, உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள் என்று முதலில் எழுது.

போனில் கூப்பிட்டாயாம், கீழ் வீட்டு டீச்சர் படியேறி வந்து சொன்னார். முப்பத்தொரு வருஷம் மில்லில் தறி ஓடிய சத்தத்தில் போன காது, உன் போனுக்காகத் திரும்பி வரப்போவதில்லை. போனிலேயே எழுத்தாக அனுப்பலாமே என்பாய். அந்த எறும்பு எழுத்தைப் படிக்க எனக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். கையால் எழுது. எனக்கும் கையால் எழுதினால்தான் உன்னை நிம்மதியாகத் திட்ட முடிகிறது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டுத் தேய்மானம், இரண்டு காலிலும். வலது கால் ரொம்ப மோசம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளியைக் காணோம் என்று டாக்டர் பேனாவால் காட்டினார். எனக்குக் காது கேட்காது என்றதும் மற்றதை எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். படி ஏறக்கூடாது, முடிந்தால் கீழ்த்தளத்துக்கு வீடு மாற வேண்டும் என்று அதில் ஒரு வரி. நாற்பத்தாறு படி ஏறி வருகிற இந்த வீடு, நான் தறிக்கு முன்னால் நின்று நின்று வாங்கிய வீடு. அந்த ஒரு வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. கூடவே லேசர். திங்கள், புதன், வெள்ளி போகிறேன். பயந்துவிடாதே, வெட்டுகிற லேசர் இல்லை. எனக்கும் அந்தப் பிசியோ பெண்ணுக்கும் ஆளுக்கொரு பச்சைக் கண்ணாடி. டார்ச் மாதிரி ஒன்றை மூட்டைச் சுற்றி இடம் இடமாக வைத்து எடுக்கிறாள். சிவப்பாக ஒரு புள்ளி தெரியும், லேசாக ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். தேய்ந்தது திரும்ப வளராது, வலி குறைந்தால் பயிற்சியை ஒழுங்காகச் செய்யலாம், பயிற்சி செய்தால் தொடைக்குப் பலம் வரும், அந்தப் பலம்தான் மூட்டைத் தாங்கும் என்று எழுதிக் காட்டினாள்.

அந்த மெஷின் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமில்லை. மூன்று மாதம் வைத்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். எங்களை மாதிரிப் பதினொரு பேருக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவாகும். அதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வலிக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. நான் எட்டு என்றேன். எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா, மில்லில் எத்தனை கெஜம் என்று எண்ணியே கிழவியானவள்.

பதில் போடு. சாக்குப்போக்கு வேண்டாம்.

உன் அக்கா


ஜனவரி 18

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று தடவை படித்தாகிவிட்டது. நாங்கள் இருவரும் நலம். முதுகு பரவாயில்லை, ஷிப்டுக்குப் போகிறேன். மணிக்கு ஒருமுறை முப்பத்தெட்டுப் படி இறங்கி பம்புகளின் அழுத்தமும் சூடும் பார்த்து மேலே வந்து நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் விநியோகத்தில் ஆள் குறைத்தபிறகு இறங்குவதும் நான், எழுதுவதும் நான், கையெழுத்தும் நானே. உன் முழங்காலை இங்கே அனுப்பினால் ஒரே வாரத்தில் ஓடிப் போய்விடும்.

எனக்கு முதுகுக்குக் கொடுத்த வலி மாத்திரை மீந்திருக்கிறது. ஒரு டப்பா அனுப்புகிறேன், ஐந்து அட்டை. கொஞ்சம் வீரியமான மாத்திரை. ரொம்ப முடியாத அன்றைக்குச் சாப்பிட்டபிறகு ஒன்று, அதற்கு மேல் கூடாது.

அந்தக் கிழித்துப் போட்ட வரியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உனக்கு முடியவில்லையென்றால் இங்கே வந்துவிடு. எங்கள் வீடு தரையோடு தரையாக இருக்கிறது, ஒரு படி கூடக் கிடையாது. பக்கத்து அறையில் பழைய சாமான் அடைந்து கிடக்கிறது, அதை ஒழிக்கக் கொஞ்ச நாள் ஆகும். இவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பயிற்சியை விடாதே.

தம்பி


ஜனவரி 31

அன்புத் தம்பிக்கு,

பார்சல் வந்தது. நான் நலம், நாக்கும் நலம் என்பது இந்தக் கடிதத்திலேயே தெரியும்.

மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். பிசியோ பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "அம்மா, இந்த மூணு மாசம் வேற வலி மாத்திரை எதுவும் போடக்கூடாது. போட்டா எது வலியைக் குறைச்சதுன்னே தெரியாம போயிடும். அதோட நீங்க பிரஷர் மாத்திரை வேற சாப்பிடறீங்க, ரெண்டும் சேர்ந்தா ஆகாது. முடியலைன்னா எங்கிட்ட சொல்லுங்க." இதை அவள் வாயைத் திறந்து சொன்னாள், தாளில் எழுதவில்லை. பச்சைக் கண்ணாடியைக் கழற்றி, என் எதிரில் குனிந்து, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். மில்லை மூடின பிறகு என்னோடு அப்படிப் பேசின ஆள் இவள்தான். மற்றவர்கள் கத்துவார்கள், இல்லையென்றால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பயிற்சி என்றால் என்னமோ என்று நினைத்தேன். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, பத்து எண்ணும்வரை கீழே அழுத்த வேண்டும். மடக்காமல் காலைத் தூக்கி நிறுத்த வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், அரை நிமிஷத்தில் எத்தனை என்று அவள் எண்ணுவாள். முதல் நாள் ஐந்து. போன வாரம் ஏழு. லேசரா பயிற்சியா தெரியாது, கால் கொஞ்சம் என் பேச்சைக் கேட்கிறது.

ஆனால் வலி எண் இரண்டாவது வெள்ளியும் எட்டாகவே இருந்தது. நான் எட்டு என்று சொன்னதும் அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. பின்னால் அவளுடைய மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். கேட்காத காதுக்கும் சில பேச்சு புரியும். இந்த மெஷின் வேண்டும் என்று கேட்டு எழுதியது அவள்தானாம், பதினொரு பேரில் நாலு பேர் பாதியில் நின்றுவிட்டார்களாம்.

அதற்கடுத்த வெள்ளி ஏழு. உடனே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நாற்பத்தாறு படி இறங்கலாம்.

உன் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அவள் சொல்லாததும் எனக்குக் கேட்டுவிட்டது. அறையை ஒழிக்க அவசரப்படாதே, நான் என் வீட்டிலேயே இருப்பேன்.

அக்கா


பிப்ரவரி 13

தம்பி,

நீ பதில் போடாததால் நானே இரண்டாவது தடவை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலமென்று நானே எழுதிக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது.

இந்த வெள்ளி ஆறு வரும் என்று நினைக்கிறேன். நாற்காலி ஒன்பதுக்கு வந்துவிட்டது. படியில் நடுவில் நிற்காமல் இரண்டாம் மாடி வரைக்கும் ஏறினேன். டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னமோ பந்தயம் பார்ப்பது போல நின்றார்.

டீச்சர் என்றதும் ஞாபகம். அவருக்கும் முதுகு வலியாம், பாவம், குனிந்து ஒரு சாமான் எடுக்க முடியவில்லை. உன் மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு வேண்டாத மாத்திரை சும்மா கிடப்பானேன் என்று கொடுத்துவிட்டேன். நன்றாகக் கேட்கிறதாம். இன்னொரு டப்பா கிடைக்குமா என்றார். அங்கே கடையில் கிடைத்தால் அனுப்பு. உன் பெயரைச் சொல்லி டீச்சர் வாழ்த்துகிறார்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், ஆகையால் சுருக்கமாக. டீச்சருக்கு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர், "யாருக்கு சார், உங்களுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். இல்லையென்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்.

உன் கால் தேறி வருவதைக் கேட்க ரொம்பச் சந்தோஷம். இவளுக்கும் சந்தோஷம். அறைக்கு இன்னும் வேலை ஆரம்பிக்கவில்லை. இனி அவசரமும் இல்லையே.

தம்பி


மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

சுருக்கமாக எழுதுகிறவனுக்கு நீளமாக எழுதுகிறேன், படித்துத் தொலை. அக்காவுக்கு முழங்கால் நலம். அதாவது ஐந்து. நேற்று மூன்றாம் மாடிவரை ஒரே மூச்சில் ஏறி, கதவைத் திறந்து, ஜன்னல் கதவெல்லாம் திறந்து, நடு அறையில் நின்று சிரித்தேன். யாரும் பார்க்கவில்லை.

பிசியோ பெண் என் அட்டையை எல்லோருக்கும் எடுத்துக் காட்டுகிறாள். எட்டில் ஆரம்பித்து ஐந்துக்கு வந்திருக்கிற கோட்டை அவளே வரைந்திருக்கிறாள். என்னோடது மட்டும்தான் கோணல் இல்லாத கோடு. மற்ற ஆறு பேருடையது கோழி கிளறின மாதிரி இருக்கிறது. "அம்மா, உங்க ஒருத்தராலதான் நான் தலை நிமிர்ந்து நிக்கறேன்" என்றாள். இந்த வயதில் ஒருத்தியை நிமிர வைத்தேனே, போதும்.

கிழம் ஆனால் ஒன்று போய் ஒன்று வரும் போலிருக்கிறது. செருப்பு வார் இறுகிப் போய்விட்டது, சாயங்காலம் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்து கிடக்கிறது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். காலையில் கண்ணாடியில் பார்த்தால் முகம் உப்பலாக, கன்னம் வைத்துப் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறது, டீச்சர்கூட அழகாகிவிட்டீர்கள் என்றார். வாயில்தான் எதைத் தின்றாலும் இரும்பைச் சப்பின ருசி. உடம்பு அங்கங்கே அரிக்கிறது. பாத்ரூம் போகிற வேலையும் குறைந்துவிட்டது, அந்த மட்டுக்குக் காலுக்கு நடை மிச்சம்.

டீச்சருடைய மாத்திரை தீரப்போகிறதாம். அவருக்குக் கேட்கக் கூச்சம், அதனால் நான் கேட்கிறேன். இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரம் அனுப்பு. மூன்று மாதம் முடியப்போகிறது. முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

அக்கா

(கடைசி வரியை அடித்திருக்கலாம். அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். லேசரையும் பயிற்சியையும் சொன்னேன்.)


மார்ச் 24

அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நாங்கள் சுகம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு மோட்டார் எரிந்து, இரண்டு நாள் பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் போனதே, அது என் ஷிப்ட். அன்றைக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. கீழே இறங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாலு மணி நேரத்து அளவையும் எழுதிவிட்டேன். பம்பின் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது போல, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எழுதினேன். கீழே பேரிங் வெந்துகொண்டிருந்தது. விசாரிக்க வந்த எஞ்சினீயர் நோட்டைப் புரட்டினார், ஒரு நிமிஷம்தான். "இது நீ எறங்காம எழுதுனது" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "நெசமான அளவு ஏறும், எறங்கும், நிக்கும். உன்னோடது மட்டும் நல்ல பிள்ளையா எறங்கிக்கிட்டே இருக்குது" என்றார்.

எதற்கு இதை இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உன் கடிதம் மேஜையில் கிடக்கிறது. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து.

கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டு. மாத்திரை அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

முதலில் நல்ல சேதி. மெஷின் இங்கேயே இருக்கப்போகிறது. கடைசி வெள்ளி இரண்டு என்று சொன்னேன். பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிசியோ பெண் என்னைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். அட்டையையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன்.

உன் பழைய கதையைப் படித்தேன். நீ எரித்தது ஒரு மோட்டாரை. அதற்காகப் பன்னிரண்டு வருஷம் புலம்புவார்களா. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நேராகக் கேள். நீ கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

போட்டோ எடுத்தபிறகு அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள். முழங்காலை இல்லை, அதற்குக் கீழே. கட்டை விரலால் கணுக்கால் எலும்பின் மேல் அழுத்தி எடுத்தாள். விரல் வைத்த இடம் குழியாக அப்படியே நின்றது. அவளும் நானும் அந்தக் குழி நிரம்பட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். "அம்மா, எத்தனை நாளா இப்படி? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றாள். பிரஷர் மாத்திரை மட்டும் என்றேன். என் உதட்டையே பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். போகிறேன், அவசரமென்ன, அவள் அறிக்கை மேலே போய்ச் சேரட்டும். ரத்தத்தில் என்ன தெரிந்து தொலைக்குமோ, அவள் எழுதினதெல்லாம் பாழாகிவிடும்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. குமட்டல். வெயில் காரணமாக இருக்கும்.

உன் வீட்டுக்காரியிடம் சொல், அறை பத்திரமாக இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

பதினைந்து நாளாகக் கடிதம் இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய் ரத்தம் கொடு. நேராகக் கேள் என்றாய், கேட்கிறேன். டீச்சருக்கு முதுகு எப்படி இருக்கிறது?

நீ பதில் எழுத மாட்டாய் என்று தோன்றுகிறது, டீச்சர் போனும் கிடைக்கவில்லை, அதனால் இதே தபாலில் அவருக்கும் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

தம்பி


ஏப்ரல் 26

மேல் வீட்டு அக்காவின் தம்பி அவர்களுக்கு,

வணக்கம். கீழ் வீட்டு டீச்சர் எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. அக்காவுக்கு வந்ததை நான் பிரிக்கவில்லை, அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் போன் எண் என்னிடம் இல்லை, என் போன் பழுதாகி நீங்கள் கூப்பிட்ட எண்ணும் அழிந்துவிட்டது. அதனால் இதை விரைவுத் தபாலில் சேர்க்கிறேன்.

எனக்கு முதுகு வலி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. உங்களிடம் நான் எந்த மாத்திரையும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எதிரில் குனிந்து கேட்டேன். என் உதட்டைப் பார்க்கிறார், ஆனால் புரியவில்லை. மூச்சு வாங்கியது. முழங்கால் வலிக்கிறதா என்று காட்டிக் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டதாம். பிரஷரால் முன்பே கொஞ்சம் நொந்திருந்ததாம், அதன்மேல் ஏதோ விழுந்திருக்கிறது என்றார்கள், என்னவென்று தெரியவில்லை.

பிசியோ பெண் சாவி வாங்கிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தாள். அங்கங்கே தேடிவிட்டுக் கடைசியில் தையல் பெட்டியைத் திறந்தாள். அடியில் துணிக்குக் கீழே காலி அட்டைகள் இருந்தன. பதினாலு. பதினைந்தாவது அட்டையில் மூன்று மாத்திரை மிச்சம். கூடவே ஒரு தாள், வெள்ளிக்கிழமைகளின் தேதியும் எதிரில் எண்களும் அக்காவின் கையெழுத்தில். அந்த எண்கள் ஆஸ்பத்திரி அட்டையில் இருப்பவை இல்லை. அந்தப் பெண் தாளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சே போதும்மா. எட்டுலேருந்து அஞ்சு வந்தாலே நான் சந்தோஷப்பட்டிருப்பேனே" என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னாள்.

உடனே புறப்பட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்


மே 19

அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உன் மூச்சு இப்போது எப்படி இருக்கிறது, சோறு இறங்குகிறதா என்று டீச்சரையாவது எழுதச் சொல்.

இரண்டு வாரம் உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறபோது உன்னிடம் ரகசியம் பேச முடியும், ஆனால் பாதி சொல்லி மீதியை முழுங்க முடியாது. உதட்டிலிருந்தே பிடுங்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ ஆறு என்று எழுதினபோதே எனக்குத் தெரியும். சந்தேகம் இல்லை, தெரியும். இருபத்தாறு வருஷமாக அளவு எழுதுகிறவன். நாலு எண்ணைச் சேர்த்துப் பார்த்தால் இறங்கிப் பார்த்து எழுதியதா உட்கார்ந்து எழுதியதா என்று சொல்லிவிடுவேன். டீச்சருக்கு முதுகு வலி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது டப்பா வாங்கும்போது கடைக்காரர் முன்னால் நின்று, இது அக்காவுக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் எனக்கு என்று வாயால் சொன்னேன். மூன்றாவதையும் அனுப்பினேன். உன் வீங்கின காலைப் படித்துவிட்டு அனுப்பினேன்.

ஏனென்றால் உன் எண் இறங்க இறங்க இந்த வீட்டில் பேச்சு சுமுகமாக இருந்தது. நீ படி ஏறுகிறாய் என்றால் அறையை ஒழிக்க வேண்டாம். அவளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதி எழுதி நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ வந்துவிடுவாயோ என்ற பயம் எனக்கும் இருந்தது. மோட்டார் எரிந்த கதையை எழுதிவிட்டால் நான் எச்சரித்ததாக ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தோடேயே மாத்திரை டப்பாவையும் அனுப்பினேன்.

அறையை இந்த வாரம் ஒழித்துவிட்டோம். ஒரு பகல் கூட ஆகவில்லை. சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, ஜன்னலைக் கழுவி வைத்திருக்கிறது. அவளே செய்தாள். வந்துவிடு அக்கா.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

கை நடுங்குவதால் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். ஜன்னல் கழுவினதற்குத் தனியாகச் சொல்.

வர முடியாது. உங்கள் ஊரில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் கிடையாதாம், டாக்டரிடம் கேட்டேன். வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி. அதே ஆஸ்பத்திரி, லேசர் அறைக்கு நேர் கீழே. சிறுநீரகம் திரும்பி வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அந்த உதட்டை எனக்குப் படிக்கத் தெரியும்.

டீச்சர் தன் முன் அறையைக் கொடுத்திருக்கிறார். கீழ்த்தளம், டாக்டர் எழுதின மாதிரியே. மேல் வீட்டுச் சாவி உனக்குப் பார்சலில் வருகிறது. முழங்கால் ஏறத் தயாராகத்தான் இருக்கிறது, மூச்சுதான் ஏற விடவில்லை. பத்துப் படி ஏறிப் பார்த்தேன், டீச்சர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு விற்றுவிடு.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப் போடலாமென்று இருந்தது. உனக்குச் சாபம் கொடுக்க எனக்கு வாய் இருக்கிறது, ஆனால் நியாயம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாத்திரை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று பார்ப்பேன். அதுதான் நிஜ வலி, அதை அந்தத் தாளில் எழுதிக்கொள்வேன். பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் படி இறங்கிப் போய், அந்தப் பெண்ணுக்குப் பிடித்த எண்ணைச் சொல்வேன். நீயாவது இறங்காமல் எழுதினாய். நான் இறங்கிப் பார்த்துவிட்டே பொய் எழுதினேன்.

அந்தப் பெண் வருகிறாள். அறிக்கையிலிருந்து என் அட்டையை எடுத்துவிடச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்தாளாம். எடுத்தபிறகும் மெஷின் இருக்கட்டும் என்றார்களாம், மற்ற ஆறு பேருடைய கோணல் கோடே போதுமாம். இதை அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. பச்சைக் கண்ணாடி இல்லாமலேயே உட்கார்ந்திருந்தாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அதனால் அவள் பேசினதில் பாதி எனக்குத் தெரியாது.

நீ அளவு எழுதுகிறவன், உனக்காவது சரியானதைத் தருகிறேன். பன்னிரண்டு வெள்ளிக்கும்: எட்டு, எட்டு, ஏழு, எட்டு, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து, நாலு, ஐந்து. பார், ஏறுகிறது, இறங்குகிறது, நிற்கிறது. லேசரும் பயிற்சியும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. நான்தான் அவசரப்பட்டேன்.

இந்தப் புது மெஷினைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், நர்ஸ் வந்துவிட்டாள். இது ரொம்ப நேர்மையான மெஷின். என்னை எதுவும் கேட்பதில்லை. எண்ணைத் தானே எழுதிக்கொள்கிறது.

உன் அக்கா